எம்-ஒன், டி.பி.டி.இ. வகுப்பில் புராஜெக்ட் வைத்தால் கணக்கு வருமா?

கேள்வி (வாசகர்), ஜூலை 6

சென்னைப் புறநகரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன்: முதல் செமஸ்டரில் எம்-ஒன் (பொறியியல் கணிதம் 1), மூன்றாம் செமஸ்டரில் டி.பி.டி.இ. (டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்). வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. இந்த செமஸ்டரிலிருந்து கணிதப் பாடத்திலும் 'அப்ளிகேஷன் புராஜெக்ட்' கட்டாயம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். ஐந்து யூனிட்டை முடிப்பதற்கே மூச்சு முட்டுகிறது. பாதிப் பேர் பகுதிப் பின்னத்திலேயே தடுமாறுகிறார்கள். இதில் புராஜெக்ட் வைத்தால் யாருக்கு என்ன லாபம்? சார்ட் பேப்பரில் ஃபூரியர் படத்தை ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள், அவ்வளவுதான் நடக்கும் என்பது என் கருத்து. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், ஜூலை 6, இரவு

சார்ட் பேப்பர் பயம் நியாயமானது சார். 'கட்டடக் கலையில் தொகையீடு', 'அன்றாட வாழ்வில் அணிகள்' மாதிரி தலைப்பு கொடுத்தால் அதுதான் வரும். இணையத்தில் நாலு படம், கடைசிப் பக்கத்தில் நன்றியுரை. அதில் கணக்கே இருக்காது.

நானும் கணிதம்தான் எடுக்கிறேன், பல வருடமாகப் புராஜெக்ட் வைக்கிறேன். எதைக் கொடுப்பது என்பதற்கு ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கணக்குப் போடாமல் ஊகித்தால் பெரும்பாலானவர்கள் தப்பாகச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட கேள்வி கிடைத்தால் அது புராஜெக்ட். கணக்கு இல்லாமலே விடை தெரிந்துவிடும் என்றால், எவ்வளவு 'அப்ளிகேஷன்' வாசனை அடித்தாலும் வேண்டாம்.

முதலாண்டுக்கு நான் கொடுப்பது இருபது லிட்டர் தண்ணீர் கேன். சென்னையில் எந்த ஹாஸ்டல் அறையிலும் ஒன்று காலியாகக் கிடக்கும். அடியில் சின்னத் துளை, பக்கவாட்டில் ஸ்கேல் ஒட்டிய காகிதம், கையில் போன். தண்ணீர் முழுக்க இறங்கப் பத்து நிமிடம் ஆகிறது என்றால், பாதி உயரம் இறங்க எவ்வளவு நேரம்? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் ஐந்து நிமிடம் என்பார்கள். கொஞ்சம் யோசிக்கிறவர்கள், "முதலில் வேகமாகப் போகும் மேடம், அதனால் நாலு" என்பார்கள். விடை மூன்று நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. இதை உட்கார்ந்து ஊகித்துச் சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஜூலை 7

கேன் கணக்கைக் கொஞ்சம் விரிவாகக் கேட்டிருந்தார்கள்.

துளை வழியே தண்ணீர் வெளியேறும் வேகம், மேலே நிற்கும் தண்ணீர் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். டாரிசெல்லி விதி. அதிலிருந்து வரும் வகைக்கெழுச் சமன்பாட்டில் மாறிகளைப் பிரித்துத் தொகையிட்டால், உயரத்தின் வர்க்கமூலம் நேரத்தோடு நேர்கோட்டில் குறையும் என்று கிடைக்கிறது. பாதி உயரத்துக்கு ஆகும் நேரம், மொத்த நேரத்தில் 1 கழித்தல் 1/√2. அதாவது சுமார் 29 சதவீதம். பத்து நிமிடத்தில் அது 2 நிமிடம் 56 விநாடி.

கிராஃப் தாளில் உயரத்தை அப்படியே குறித்தால் வளைகோடு. வர்க்கமூலம் எடுத்துக் குறித்தால் கோடு நேராகிறது. அந்தப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்கேலுக்கு அடியில் வந்து உட்காருவதைத் தன் கையால் பார்த்தவர்களுக்கு 'வேரியபிள் செபரபிள்' என்பது வெறும் இரண்டு மார்க் கேள்வியாக இருக்காது.

அடுத்ததுதான் எனக்கு முக்கியம். கேன் 27 செ.மீ. விட்டம், துளை 6 மி.மீ., தண்ணீர் 30 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தில் போட்டால் முழுக்கக் காலியாக எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் வருகிறது. கேனோ பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இங்கே பிள்ளைகள் பதறிப்போய் டேட்டாவைத் திருத்தப் பார்ப்பார்கள். திருத்த விடக்கூடாது. கூர்மையான விளிம்புள்ள துளையில் தண்ணீர்த் தாரை துளையைவிடக் குறுகித்தான் வெளியேறும். அதைக் கணக்கில் சேர்க்க, சூத்திரம் தரும் வெளியேற்றத்தை 0.62 என்ற அளவில் ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். இரண்டாமாண்டு ஃப்ளூயிட் லேபில் 'டிஸ்சார்ஜ் கோஎஃபிஷியன்ட்' என்று ரெக்கார்டில் எழுதப்போவது இதைத்தான். அதை முதலாண்டிலேயே தன் கேனிலிருந்து கண்டுபிடித்த மாணவர், அந்த லேபுக்குள் வேறு மாதிரி நுழைகிறார். சூத்திரம் டேட்டாவோடு ஒட்டாமல் போகும் அந்த இடத்துக்காகத்தான் நான் புராஜெக்டே வைக்கிறேன்.

ஜூலை 9

மூடியைத் திறந்து வைக்கச் சொல்ல மறக்காதீர்கள். காற்று உள்ளே போகாவிட்டால் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வரும், கோடு படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். துளையைச் சூடான கம்பியால் போட்டால் விளிம்பு உருகி உருண்டுவிடும், 0.62 கிடைக்காது. டிரில் பிட் வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் போட்டுத் தருவார்கள்.

ஜூலை 15

"ரிச்சி தெருவில் ஃபைனல் இயர் புராஜெக்டே விலைக்குக் கிடைக்கிறது, உங்கள் கேன் எம்மாத்திரம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு குழு செய்ய மற்ற குழுக்கள் காப்பி அடிப்பார்கள், மூன்று பேர் குழுவில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று இன்னொருவர்.

இரண்டும் நடக்கும். அறிக்கைக்கு மார்க் கொடுத்தால் நிச்சயம் நடக்கும். அதனால் அறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மார்க்கின் பெரும்பகுதியை வைவாவில் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஐந்து நிமிடம், கேள்வி தனித்தனி. துளையின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எவ்வளவு நேரம் ஆகும்? (நாலில் ஒரு பங்கு.) இதே கேனை நிலவில் வைத்தால்? (ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, அதனால் நேரம் சுமார் இரண்டரை மடங்கு.) கேன் கீழே குறுகலாக இருந்தால் சமன்பாட்டில் எந்த உறுப்பு மாறும்? காப்பி அடித்தவருக்கு முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும், நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

துளை அளவையும் குழுவுக்குக் குழு மாற்றிக் கொடுங்கள். அப்போது காப்பி அடித்தாலும் எண்ணை மாற்றிப் போடக் கணக்கு தெரிந்தாக வேண்டும்.

ஜூலை 28

"இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன், நம் ஊர்க் கணிதம் கரும்பலகையில்தான்" என்ற பதிவுக்கு.

கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794-இல் ஆரம்பித்த சர்வே பள்ளி. நிலம் அளக்க ஆள் தேவைப்பட்டது, அதற்காக முக்கோணவியல் சொல்லிக் கொடுத்தார்கள். 1802-இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு அடிக்கோடு (முக்கோணங்களுக்கெல்லாம் ஆதாரமான முதல் பக்கம்) அளந்தார். இந்தியாவின் பெரிய முக்கோண அளவைப் பணி அங்கிருந்துதான் தெற்கும் வடக்கும் போனது. நூறு அடி எஃகுச் சங்கிலி, பக்கத்திலேயே வெப்பமானி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் அதற்கும் கணக்கு வைத்தார்.

அந்த வெப்பமானியை வைத்தே முதலாண்டுக்கு ஒரு கேள்வி. சங்கிலி பத்து டிகிரி கூடுதலாகச் சூடாகியிருந்து அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் 12 கி.மீ.-யில் பிழை எவ்வளவு? எஃகின் விரிவுக் கெழுவைப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரும். அந்தப் பிழை அடுத்தடுத்த முக்கோணங்களில் எப்படிப் பரவும் என்பது பகுதி வகையிடல். சித்திரை வெயிலில் பரங்கிமலை ஏறி இறங்கிய பிள்ளைக்கு வெப்பமானி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு உதாரணமும் தெரிந்துகொள்வது நல்லதுதான். அமெரிக்காவில் ஒஹாயோவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2004 முதல் பொறியியல் ஆசிரியர்களே முதலாண்டில் ஒரு கணிதப் பாடம் எடுக்கிறார்கள். பொறியியல் வகுப்பில் உடனே தேவைப்படும் கணிதத்தை லேபோடு சேர்த்து முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். கால்குலஸில் சிக்கிப் படிப்பையே விட்டுப் போகிறவர்கள் பிரச்சினைக்காக ஆரம்பித்தது. நம் ஊரில் எம்-ஒன் அரியரைக் கடைசி வருடம் வரை சுமக்கிற பிள்ளைகள் இல்லாத கல்லூரி எது?

ஆகஸ்ட் 11

எல்லா யூனிட்டுக்கும் புராஜெக்ட் தேடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேலி-ஹாமில்டன் தேற்றத்துக்கு நான் புராஜெக்ட் வைப்பதில்லை. கான்டூர் இன்டெக்ரேஷனுக்கும் இல்லை. அவற்றைப் பலகையில் நிதானமாக, நிரூபணத்தோடு நடத்த வேண்டும். வலிந்து ஒரு 'அப்ளிகேஷனை' ஒட்டவைத்தால் நிரூபணமும் போகும், அப்ளிகேஷனும் பொய்யாக இருக்கும். ஐகன் மதிப்புக்கு மட்டும் சிவில் பிள்ளைகளிடம் ஒன்று கொடுப்பேன். எஃகு ஸ்கேல்களைத் தூணாக வைத்து இரண்டு மாடி மாதிரிக் கட்டடம் செய்து, கையால் ஆட்டி, எந்த இரண்டு வேகத்தில் அது அதிகமாக ஆடுகிறது என்று பார்ப்பது. அந்த இரண்டு வேகத்தையும் ஐகன் மதிப்புகள்தான் தருகின்றன. இரண்டாவது வேகத்தில் மேல்மாடியும் கீழ்மாடியும் எதிரெதிர்ப் பக்கம் போகும்போது வகுப்பே எழுந்து வந்துவிடும்.

ஆகஸ்ட் 30

டி.பி.டி.இ.-க்கு வருகிறேன். நிறையப் பேர் கேட்டது இதுதான்.

திரும்பத் திரும்ப வரும் ஏற்ற இறக்கத்தை சைன், கொசைன் அலைகளின் கூட்டாக எழுதுவதுதான் ஃபூரியர் தொடர். அந்த யூனிட்டின் கடைசியில் 'ஹார்மோனிக் அனாலிசிஸ்' இருக்கிறது. ஆறு மதிப்பு கொண்ட ஓர் அட்டவணை, முதல் இரண்டு ஹார்மோனிக் (அந்தக் கூட்டில் உள்ள அலைகள்) கண்டுபிடி. கால்குலேட்டரில் தட்டிவிட்டுப் போகிற கணக்கு. அந்த ஆறு எண்ணும் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதில்லை.

நான் சென்னைத் துறைமுகத்தின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைக் கொடுக்கிறேன். ஒரு மாதத்துக்கான உச்ச, தாழ் நீர்மட்டங்களும் நேரங்களும். இதை ஃபூரியர் தொடராக எழுது என்றால் உடனே "பீரியட் என்ன மேடம்?" என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. சந்திரனால் வரும் முக்கிய அலையின் கால அளவு 12.42 மணி. சூரியனால் வருவது 12 மணி. இரண்டும் ஒரே அடிப்படைக் காலத்தின் முதல், இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக்காக அமையவில்லை. பாடப்புத்தகத்து முறையை அப்படியே வைத்தால் ஒரு நாளுக்கு ஒட்டும், ஏழெட்டு நாளில் உச்சம் வரவேண்டிய இடத்தில் பள்ளம் வரும்.

அப்போதுதான் மாற்று வழி தேவைப்படுகிறது. காலம் தெரிந்த இரண்டு அலைகளுக்கும் சைன், கொசைன் கெழுக்களையும் ஒரு சராசரி மட்டத்தையும் தெரியாத எண்களாக வைத்து, மீச்சிறு வர்க்க முறையில், அதாவது பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி, பொருத்துவது. ஐந்து தெரியாத எண்கள், ஐந்து சமன்பாடுகள். எம்-ஒன்னில் படித்த அணிக்கணக்கு மூன்றாம் செமஸ்டரில் திரும்பி வந்து வேலை செய்கிறது. ஃபூரியர் கெழுச் சூத்திரமே மீச்சிறு வர்க்கத்தின் ஒரு தனிநிலைதான் என்று அந்த இடத்தில் சொன்னால், முதல் முறையாகத் தலையை ஆட்டுகிறார்கள்.

இரண்டு அலையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை சேர்ந்து உச்சத்துக்கு வரும் என்றும் போடச் சொல்லுங்கள். 12-ஐயும் 12.42-ஐயும் பெருக்கி, வித்தியாசத்தால் வகுத்தால் ஏறக்குறைய 355 மணி. 14.8 நாள்.

செப்டம்பர் 3

அந்த 14.8 நாளைப் பலகையில் எழுதியபோது, காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவர், "இது அமாவாசை, பௌர்ணமி மேடம். தண்ணி அன்னைக்குத்தான் நல்லா ஏறும், எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்" என்றார். வகுப்பில் அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவர் எழுந்து வந்து, எந்த நாளில் படகை எப்படிக் கட்டுவார்கள் என்று சொல்ல, மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதே குழுதான் பிறகு, உச்சம் சரியாகப் பௌர்ணமி அன்று வராமல் ஓரிரு நாள் தள்ளி வருவதையும் டேட்டாவில் பிடித்தது.

செப்டம்பர் 21

கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்குத் தண்ணீரும் கடலும் வேண்டாம் என்று கேட்டவருக்கு: நிகழ்தகவு, க்யூயிங் தியரி (வரிசையில் காத்திருப்பதன் கணக்கு) பாடத்துக்குப் பஸ்தான். எம்.டி.சி. 29சி. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற வண்டி, ஊரில் தெரியாதவர் இல்லை.

கேள்வி: சராசரியாக 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் வருகிறது. நாம் ஏதோ ஒரு நேரத்தில் ஸ்டாப்புக்குப் போனால் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்போம்? எல்லோரும் சொல்வது ஏழரை நிமிடம். அடையாறில் நின்று பார்த்துவிட்டு வந்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள்.

இடைவெளி ஒருமுறை 5 நிமிடம், அடுத்த முறை 25 நிமிடம் என்று மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி இடைவெளி 15தான். ஆனால் நாம் போய்ச் சேரும் நேரம் அந்த நீளமான 25 நிமிட இடைவெளிக்குள் விழ வாய்ப்பு அதிகம், ஆறில் ஐந்து பங்கு. சராசரிக் காத்திருப்பு என்பது இடைவெளிகளின் வர்க்கச் சராசரியை இடைவெளிச் சராசரியின் இரு மடங்கால் வகுத்தது. 25-ஐயும் 625-ஐயும் சராசரி எடுத்தால் 325. அதை 30-ஆல் வகுத்தால் 10.8 நிமிடம். பஸ்கள் ஒழுங்கே இல்லாமல் தற்செயலாக வந்து, இடைவெளி எக்ஸ்பொனென்ஷியலாக இருந்தால் முழுதாக 15 நிமிடமே நிற்க வேண்டும். வேரியன்ஸ் (இடைவெளிகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) என்ற எண் யாருடைய காலை வலிக்கவைக்கிறது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு வேறு கேள்வி கிடைத்ததில்லை.

ஏன் இரண்டு பஸ் சேர்ந்து வருகிறது என்பதும் தொடர்ந்து வரும். தாமதமான வண்டிக்கு ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்துவிடும், ஏற்றி இறக்க இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் வண்டிக்கு ஆளில்லை, அது வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் இடைவெளிகள் ஒன்றையொன்று சாராதவை என்ற பாடப்புத்தக அனுமானம் இங்கே உடைகிறது. க்யூயிங் சூத்திரத்தை மனப்பாடம் செய்த மாணவர், அந்தச் சூத்திரத்தின் முதல் வரியில் என்ன எழுதியிருந்தது என்று திரும்பிப் போய்ப் படிக்கிறார்.

அக்டோபர் 19

மழை தொடங்கிவிட்டது, ஏரி நீர்மட்டம் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மேலே ஒருவர் செம்பரம்பாக்கத்தில் 12 அடி இருந்தால் பாதி நிரம்பிவிட்டது என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை சார்.

முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வகுத்தால் அடிக்குச் சராசரியாக 152 மில்லியன். ஏரி செங்குத்துச் சுவர் வைத்த தொட்டி இல்லை, மேலே போகப்போக நீர்ப்பரப்பு விரிகிறது. அடியில் ஒரு அடிக்கு 152-ஐவிட ரொம்பக் குறைவு, உச்சியில் ரொம்ப அதிகம். 12 அடியில் பாதிக் கொள்ளளவு இருக்காது. கொள்ளளவு என்பது நீர்ப்பரப்பை உயரத்தின் மேல் தொகையிட்டது. குடிநீர் வாரியம் தினமும் உயரத்தையும் இருப்பையும் வெளியிடுகிறது, அவற்றைச் சேர்த்துவைத்தால் மாணவரே அந்தப் பரப்பைக் கண்டுபிடிக்கலாம். உயரம் மாறியதற்கு இருப்பு எவ்வளவு மாறியது என்று பார்த்தால் போதும், அது வகைக்கெழு.

சென்னை வெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 1 அன்று, அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அந்த எண் எல்லோருக்கும் மனப்பாடம். அதன் அளவு என்ன என்று கேட்டால் பதில் வராது. மணிக்கு 104 மில்லியன் கன அடிக்கு மேல். வரத்தே இல்லை என்றால், நிரம்பிய ஏரி முழுவதும் 35 மணி நேரத்தில் காலியாகிவிடும். வரத்து இருந்ததால் காலியாகவில்லை. இருப்பு மாறும் வேகம் = வரத்து − வெளியேற்றம் என்ற ஒரே சமன்பாட்டை வைத்துக்கொண்டு, முன்கூட்டியே திறந்திருந்தால் உச்ச வெளியேற்றம் எவ்வளவு குறைந்திருக்கும் என்று பல விதமான வரத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். அதிகம் திறந்துவைத்துப் பிறகு மழை பெய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதும் அதே சமன்பாட்டில் இருக்கிறது. 2019 ஜூனில் நகரத்து ஏரிகள் வறண்டு, நாம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோமே, அதுதான்.

இந்தப் புராஜெக்டில் சரியான ஒரே விடை கிடையாது. நல்ல குழு, "இந்த அனுமானத்தில் இவ்வளவு, அந்த அனுமானத்தில் அவ்வளவு" என்று எழுதிக்கொண்டு வரும். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடு மூழ்கிய பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை ஒரு எண்ணாக மட்டும் கொடுக்காதீர்கள், விரும்பிக் கேட்கும் குழுவுக்கு மட்டும் கொடுங்கள்.

நவம்பர் 8

முதலில் கேள்வி கேட்ட சார் திரும்பி வந்து, கேன் புராஜெக்ட் வைத்ததாக எழுதியிருக்கிறார். சந்தோஷம். "நேரம் எங்கிருந்து எடுப்பது?" என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது என்கிறார்.

நான் எடுப்பது டுடோரியல் நேரத்திலிருந்து. செமஸ்டருக்கு ஒரே ஒரு புராஜெக்ட், அதற்கு இரண்டு வாரம், அதற்குமேல் இழுத்தால் சோர்ந்துவிடுவார்கள். இன்டெர்னலில் அசைன்மென்ட்டுக்கு இருக்கும் இடத்தைத்தான் இதற்கு வைக்கிறேன். ஒரே மாதிரி பத்துக் கணக்கைப் பார்த்து எழுதும் அசைன்மென்ட்டைவிட இது மேல் என்று எந்த எச்.ஓ.டி.யிடமும் சொல்வேன்.

ஆனால் பகுதிப் பின்னத்தில் தடுமாறுகிற பிள்ளைக்குப் புராஜெக்ட் அதைச் சரிசெய்யாது. அதற்குப் பயிற்சிதான் வேண்டும், மாலையில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தால்தான் வரும். கேன் செய்தது, 'இதை எதற்குப் படிக்கிறோம்' என்ற கேள்வியை எடுத்துவிட்டது. அது போனபின் மாலை வகுப்புக்கு வந்து உட்காருகிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் வைவாவில் தமிழில் பதில் சொல்லலாம் என்று அனுமதித்துவிடுங்கள், யாருக்குக் கணக்கு தெரியும், யாருக்கு ஆங்கிலம் மட்டும் தெரியும் என்பது பிரிந்துவிடும்.

நவம்பர் 10

பஸ் புராஜெக்டை அடுத்த செமஸ்டருக்கு எடுக்கப்போவதாகச் சொன்ன மேடத்துக்கு: நேரத்தை விநாடி வரை எழுதச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு முழுமையாக்கினால், சேர்ந்து வரும் இரண்டு வண்டிக்கும் இடைவெளி பூஜ்யம் ஆகி, ஹிஸ்டோகிராமின் இடது ஓரம் கெட்டுவிடும். நிற்காமல் போன பஸ்ஸையும் தனிக் குறியோடு எழுத வேண்டும். காலை எட்டிலிருந்து பத்துக்குள் எடுத்ததையும் மதியம் எடுத்ததையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது, இரண்டின் சராசரியும் வேறு. குழுவில் ஒருவர் வண்டி வந்த நேரத்தை எழுதட்டும், இன்னொருவர் ஸ்டாப்பில் புதிதாக வந்து நிற்பவர்களில் சிலரைக் குறித்துக்கொண்டு அவர்கள் ஏறும் வரை நேரம் பார்க்கட்டும். இரண்டையும் தனித்தனியாக எடுத்தால்தான் சூத்திரம் சொல்லும் காத்திருப்பையும் மனிதர்கள் நின்ற காத்திருப்பையும் ஒப்பிட முடியும்.